பதினான்கு ஆண்டு இடைவெளி

நாற்பத்து மூன்று வயதில் தபால் வழி பி.எஸ்சி. கணிதத்தில் சேர விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோது, எழுதக் கூச்சப்படும்படி என்னிடம் எதுவுமில்லை என்றுதான் நினைத்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை எழுதினேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்ததை எழுதினேன். இருபது வயதில் இதே பி.எஸ்சி.யை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியதையும், அதில் இயற்பியல் ஒரு பேப்பர் அரியர் நின்றதையும் எழுதினேன். "அரியரெல்லாம் எதுக்கும்மா போடுற?" என்றாள் மகள். முடிக்காத படிப்பு இருந்தால் குறிப்பிடவும் என்று கேட்டிருந்தார்கள், கேட்டதற்குப் பதில் எழுதினேன். கேள்வியை இரண்டு தடவை படி, இரண்டு தடவை படி என்று பிள்ளைகளிடம் கத்தியே தொண்டை போனவள் நான்.

ஒன்பதாவது கேள்வி படிப்பில் விழுந்த இடைவெளியைப் பற்றியது. அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள், சான்று இணைக்கவும் என்றிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வருஷ இடைவெளி. முதல் ஒன்பது வருஷத்துக்குக் குடும்பம், விவசாயம் என்று எழுதினேன். அதற்கு வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மீதிப் பதினான்கு வருஷமும் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினேன். அதை எழுதுகிற இடம் வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டேன். சான்றை வாங்கிக்கொண்டு வந்து, அதில் இருக்கிற தேதியைப் பார்த்து, அழகாக எழுத வேண்டும் என்று ஆசை. இப்போது யோசித்தால், அந்த ஒரு வரியை எழுதத்தான் விண்ணப்பமே வாங்கினேன் போலிருக்கிறது.

நான் வேலை பார்த்தது சீர்காழிப் பக்கத்தில், மூடிப்போன ஒரு ரைஸ்மில்லில் நடக்கிற தனியார் பள்ளி. நெல் காயவைத்த சிமெண்ட் களம்தான் பிள்ளைகளுக்கு மைதானம். பள்ளியை ஆரம்பித்து நடத்துகிற தலைமை ஆசிரியை, கல்லூரி விடுதியில் எனக்கு ஒரு வருஷம் சீனியர். அக்கா என்று கூப்பிடுவேன். என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து தங்கி எனக்குத் தலை பின்னிவிட்டவர். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், சேறும் சகதியுமாக வரப்பில் நின்ற என்னைத் தேடி வந்து, "கணக்கு நடத்த ஆளில்லடி. ஒன்ன விட்டா யாரு இருக்கா? வா" என்றார்.

"நான் டிகிரி முடிக்கலியேக்கா."

"நீ பாடத்த நடத்து. பேப்பர் வேலைய நான் பாத்துக்கறேன்."

தகுதியில்லாத என்னை ஆசிரியை என்று கணக்கில் காட்ட முடியாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போனேன். ஆகவே நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. டீச்சர் என்று என் பெயர் எங்கேயும் இருக்காது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிற நாளில் அக்கா என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார். "வந்தா ஒன்ன நிக்கவெச்சு கேள்வி கேப்பாங்கடி. பாவம், எதுக்கு ஒனக்கு?" என்பார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோவேன். பாடக்குறிப்பு நோட்டு எழுதும்போது மட்டும், "அட்டையில பேரு எழுதாத, ஆபீஸ்ல எழுதிக்கறோம்" என்பார். சரிக்கா என்பேன். பதினான்கு வருஷமும் பெயரில்லாத நோட்டில், என் கையெழுத்தில், முக்கோணவியலும் நிகழ்தகவும் எழுதி எழுதிக் கொடுத்தேன்.

படிக்கப் போகிறேன் என்றதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே முடிச்சிருக்கவேண்டியது, விதி" என்றார். பதினான்கு வருஷம் வேலை பார்த்ததற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ஒரு நொடி தயங்கினாரா என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தயங்கிய மாதிரி ஞாபகமில்லை. "நாளைக்கு ஆபீஸ்ல வாங்கிக்கோ" என்றார்.

மறுநாள் ஒட்டிய கவரில் கடிதம் வந்தது. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அரைநாள் விடுப்புப் போட்டு, மயிலாடுதுறையில் இருக்கிற படிப்பு மையத்துக்குப் போக பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. கவரைப் பிரித்தேன். மேற்படியார் எமது பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக ஆயாவாகப் பணிபுரிந்து வருகிறார், நன்னடத்தை உடையவர் என்று முத்திரையோடு இருந்தது.

டைப் அடித்தவர் தப்பாக அடித்துவிட்டார் என்றுதான் முதலில் பட்டது. வேறு யாருடைய கடிதமோ மாறி வந்திருக்கிறது என்று பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான், இனிஷியலோடு. வைத்தீஸ்வரன்கோவிலில் இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வழியெல்லாம், அக்கா பார்த்தால் அந்தக் கிளார்க்கைத் தொலைத்துக்கட்டிவிடுவார், பாவம் அந்த ஆள் என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஏதாவது ஒரு போஸ்ட்ல காட்டுனாதானடி நீ ரெஜிஸ்டர்ல இருக்க முடியும்? பிளஸ் டூவுக்கு நான் வேற என்ன போஸ்ட்ல காட்டுறது? எல்லாம் ஒனக்காகத்தான் பண்ணேன்."

"அப்ப கணக்கு டீச்சர்னு யாரக்கா போட்டிருக்கீங்க?"

பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை மேஜையில் போட்டார். மறைத்து இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார். கணித ஆசிரியையாக அவருடைய தம்பி மனைவியின் பெயர் இருந்தது. எம்.எஸ்சி., பி.எட். கும்பகோணத்தில் இருப்பவர். எனக்கு அவரைத் தெரியும். ஆய்வு நாளில் என் வகுப்பில் வந்து நின்றவர் அவர்தான் என்பது மட்டும் தெரியாது. ஃபைலின் அடியில் என் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் அவர் பெயர், உள்ளே என் கையெழுத்து. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அத்தனை பிள்ளைகளும் தேறியதற்குக் கொடுத்த பாராட்டுச் சான்றும் அவர் பெயருக்கே வந்திருந்தது. அந்த ரிசல்ட் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவள் நான்.

மாதா மாதம் சம்பளம் வாங்க நான் கையெழுத்துப் போட்ட பதிவேட்டையும் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கிளார்க் மேலே ஒரு அட்டையை வைத்து மறைத்து, பென்சில் புள்ளி வைத்த இடத்தைக் காட்டுவார். அடுத்தவர் விவரம் தெரியக்கூடாது என்பதற்காக அட்டை வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆயா என்ற சொல்லுக்கு நேராகத்தான் என் கையெழுத்து வரிசையாகப் போயிருந்தது. கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொல்கிற டீச்சர், தான் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருதடவைகூடப் படிக்கவில்லை.

"தொழில்ல என்னடி ஒசத்தி தாழ்த்தி? அந்தக் கடுதாசிய வெச்சா சீட்டு கெடச்சிரும். இல்லன்னா அந்தக் கட்டத்த காலியா வுட்டுடு. டீச்சர்னு கீச்சர்னு எழுதி வெச்சு ஸ்கூலுக்கு வேட்டு வெச்சிடாத" என்றார் அக்கா. பேசிக்கொண்டே மேஜைமேல் இருந்த நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக்கி அடுக்கினார். எனக்கு அழுகை வரவில்லை. இவரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்து பின்னிக்கொண்டேனே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். அங்கே ஆயாம்மா எல்.கே.ஜி. பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தது. பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற ஆள். பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, வாந்தி எடுத்தால் அள்ளிப்போடுவது, வேனில் ஏற்றி இறக்குவது எல்லாம் அதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், யாரு என்னா சொன்னாங்க?" என்று கேட்டது.

கொட்டிவிட்டேன். "பதினாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன் ஆயாம்மா. என்ன போயி ஆயான்னு எழுதி வெச்சிருக்காங்க! நான் ஆயாவா?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. ஆயாம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தது.

"ஒங்கள ஆயான்னு எழுதியிருந்தா, என்னைய என்னான்னு எழுதியிருக்காங்க டீச்சர்?"

இப்போதுதான் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆயா என்று ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதில் நான் இருந்தேன். என் பெயரைத் தேடிய அவசரத்தில், அந்த இடத்துக்கு உரியவர் எங்கே என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே ஆயாம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நான் இல்லவே இல்லியா?" என்றது. பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேனடிக்குப் போனது. பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை விரித்தேன். வீட்டுக்காரர், "கடுதாசிய வெச்சுக் குடுத்துட்டு வேலையப் பாரு. யாரு படிக்கப்போறா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சீட்டு முக்கியம். ஆனால் விண்ணப்பத்தின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காமல் போட்டதெல்லாம் போதும் என்றிருந்தது. எழுதினேன்: 'பதினான்கு ஆண்டுகள் தனியார் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். பள்ளிப் பதிவேட்டில் ஆயா என்று உள்ளது. அந்தப் பணியை நான் ஒரு நாளும் செய்யவில்லை. அதைச் செய்தவர் வேறொருவர்.' அக்காவின் கடிதத்தையும் பின்னால் வைத்தேன்.

அதன் நகல் ஒன்றை மறுநாள் அக்காவின் மேஜையில் வைத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு வரவில்லை. நின்றபடியே படித்தார். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி துரோகி" என்றார். யார் யாரைச் சொல்வது என்று வாய்வரை வந்தது. ஆயாம்மாவையாவது பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். "மொதல்ல நீ வெளிய போ" என்றார். போய்விட்டேன். பத்தாம் வகுப்பில் அன்றைக்கு இருபடிச் சமன்பாடு பாதியில் நின்றிருந்தது.

படிப்பு மையத்தில் விண்ணப்பத்தை வாங்கியவர் மதிப்பெண் பட்டியலை மட்டும் ஒத்துப் பார்த்தார். பழைய பி.எஸ்சி.யைப் பார்த்துவிட்டு, "அரியர கரெக்டா போட்டிருக்கீங்க, நெறைய பேரு மறைச்சிருவாங்க" என்று பாராட்டினார். ஒன்பதாவது கேள்வியைக் கவனியுங்கள் சார் என்று நானே பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "அதுவா? அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்று முத்திரை குத்திவிட்டார். சீட்டு கிடைத்துவிட்டது. என் பதினான்கு வருஷம் ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது.

வேலை போனதில் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நான் விலகினால் ஆயா இடம் காலியாகும், ஆயாம்மாவின் பெயர் ஏறும். ஊரில் யாரிடமும் அக்காவைப் பற்றி நான் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம். அக்கா என்னவோ திறந்திருந்தார். டிகிரி இருப்பதாகப் பொய் சொல்லி நான் வேலையில் சேர்ந்ததாகக் கடைத்தெருவரை பேச்சு.

இரண்டு மாதம் கழித்து ஆயாம்மா போன் பண்ணியது. பிள்ளைகள் சத்தம் பின்னால் கேட்டது. எப்படி இருக்கிறாய், பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"புதுசா ஒரு ஆயா வந்திருக்குங்க டீச்சர்" என்றது. "சின்னப் பொண்ணு. நல்லாத்தான் கணக்கு நடத்துது."