விரல் மழலை

பேசாத அம்மா வளர்க்கும் குழந்தைக்கு இரண்டு வயதோடு மூளையில் பேச்சுக் கதவு சாத்திக்கொண்டுவிடுமாம். கால்கரியில், என் பையன் படிக்கும் தமிழ் வகுப்பின் வாசலில் ஒரு தோழி சொன்னாள். அவளுக்கு நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அது போதும் எனக்கு. கோடைக்கு எடுத்திருந்த டிக்கெட்டை முன்னால் நகர்த்திக்கொண்டு சென்னை வந்து இறங்கினேன்.

என் தங்கை மஹதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பாட்டு சொல்லிக்கொடுக்கும் மயிலாப்பூர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஒரு வீணையின் பெயரை வைத்தபோது அது யாருக்கும் தெரியாது. பிறகு, பெயரை மாற்றிவிடலாம் என்றார்கள். "என் பேர், நான் கேக்கலேன்னா என்ன, நீங்க கேளுங்கோ" என்று எழுதிக் காட்டினாள். அப்போது நான்காம் வகுப்பு. இப்போது மந்தைவெளியில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறாள். கணவன் அனிருத்துக்கும் காது கேட்காது. அவர்கள் மகள் ஜானுவுக்கு நன்றாகக் கேட்கிறது, ஒன்றரை வயது.

ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து மஹதியின் மாமனார் ஸ்ரீனிவாசராகவனும் மாமியார் விசாலாக்ஷியும் வந்தார்கள்.

"ஸ்கூல்ல சேக்கற வரைக்கும் குழந்தை எங்காத்துல இருக்கட்டும்" என்றார் மாமி. என்னிடம்தான் சொன்னார், மஹதியைப் பார்க்கவில்லை. "இங்கே ஒரு வார்த்தை அது காதுல விழறதா? கையை ஆட்டிண்டு நிக்கறது, பாக்கச் சகிக்கலே."

ஜானு ஜன்னலில் உட்கார்ந்த காக்கையைக் காட்டி, மூடிய முஷ்டியைக் கன்னத்தில் இடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் காக்கைக்கு இரண்டு விரலை அலகாக்கி வாயருகே திறந்து மூட வேண்டும். அவள் விரலுக்கு அது இன்னும் படியவில்லை. 'காக்கா'வைச் சில குழந்தைகள் 'தாத்தா' என்று சொல்வதில்லையா, அதுபோல.

மாமி சொன்னதை நான் மஹதிக்குச் சைகையில் சொன்னேன். 'பாக்கச் சகிக்கலே'யை மட்டும் விட்டுவிட்டேன். ஆனால் அவள் மாமியின் உதட்டைப் படித்திருந்தாள்.

"பூசி மெழுகாதே அக்கா" என்று சைகையில் வெட்டினாள். "அவா சொல்றதை அப்படியே சொல்லு. நான் சொல்றதையும் அப்படியே சொல்லு. அது ஆட்டம் இல்லே, மழலை. வாயில வந்தா கொஞ்சுவேள், கையில வந்தா அசிங்கமா?"

அப்படியே சொன்னேன்.

கீழ் வீட்டு ஃபிர்தௌஸ் வாசலில் தலையை நீட்டினாள். "இன்னா ஜானு, காலைலேர்ந்து ஆளையே காணோம்?"

"இன்னா!" என்றாள் ஜானு, பளிச்சென்று.

மாமி காதைப் பொத்திக்கொண்டார். "பாத்தியா! இந்தப் பாஷைதான் ஒட்டிக்கறது!"

"பேச்சே வராதுன்னேள்" என்றன மஹதியின் கைகள். "வந்த பேச்சு இப்போ பிடிக்கலையா?"

"மத்தியானம் பூரா எங்கூட்லதான் கத்திக்கினு கீது" என்று ஃபிர்தௌஸ் சிரித்தாள். "காதுல வார்த்தை வுழலியாமே!"

மாமி என் பக்கம் திரும்பினார். "அனிருத்தை நான் பேச வெச்சேன். கையைக் கட்டிண்டு வாயால கேட்டாத்தான் சாதம்னு சொல்லியே பேச வெச்சேன்."

மஹதி கணவனின் தோளைத் தட்டினாள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அஞ்சு வயசுல உனக்கு என்னவெல்லாம் சொல்லத் தெரியும்? உங்கம்மாகிட்டயே சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்துக் கைகளால் சொன்னான். நான் குரல் கொடுத்தேன்.

"அம்மா. தண்ணி. சாதம். அவ்வளவுதான். வயத்தை வலிச்சா எங்கே வலிக்கறதுன்னு சொல்லத் தெரியாது. அழுவேன். நீ திருஷ்டி சுத்திப் போடுவே. ஸ்கூல்ல பசங்க கையால பேசறதைப் பாத்தப்புறம்தான் எனக்கு யோசிக்கவே வந்தது. ஜானு இப்பவே எங்கே வலிக்கறதுன்னு காட்டறா."

இதில் ஒரு சொல்லையும் நான் மெழுகவில்லை. மாமி எழுந்து வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். ஸ்ரீனிவாசராகவன் மாமாதான் பேசினார்: "நாளைக்குக் கார்த்தால காரோட வரேன். குழந்தை துணியை எடுத்து வெச்சுடுங்கோ."

"குழந்தை இங்கேதான் இருக்கும்" என்றாள் மஹதி. "நீங்க தினம் வாங்கோ. வரச்சே கையைக் கட்டிண்டு வராதீங்கோ. அவகிட்டயே கத்துக்கலாம்."

மறுநாள் ஒரு சட்டைகூட எடுத்து வைக்கவில்லை. மஹதி ஜானுவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். மேஜையில் இருந்த மஹதியின் போன் அடித்தது. மாமனார். வீடியோ இல்லை, வெறும் குரல் அழைப்பு. காது கேட்காத மருமகளுக்கு.

ஜானு அம்மாவின் புடவையை இழுத்துப் போனைக் காட்டினாள். மஹதி திரையைப் பார்த்தாள். என் கை தானாக நீண்டது, அதைத் தள்ளிவிட்டாள்.

"எனக்குத்தானே போன் பண்ணியிருக்கார்? உனக்கு இல்லையே."

"கார் கிளம்பிடுத்தோ என்னமோடி! இல்லே, வரலேன்னு சொல்றதுக்கோ!"

"எதுவா இருந்தா என்ன? நான் சொல்ல வேண்டியதை நேத்தே சொல்லியாச்சு." அடுத்த இட்லித் துண்டைப் பிட்டாள்.

மணி நின்றது. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.