கொலைகாரன் பூட்ஸைக் கழட்டின இடம்

திரில்லர் எடுக்கற தொழில்ல ஒரே ஒரு விதிதான்: பார்க்கறவங்க பயப்படணும், எடுக்கறவங்க பயப்படக் கூடாது. நாங்க எடுத்த ரெண்டு நிமிஷப் படத்துல அது முதல் நாளே உல்டாவாயிடுச்சு. காலேஜ் புராஜெக்ட்டுன்னு பேர் வெச்சுக்கிட்டு கேமராவும் கையுமா வெயில்ல அலைஞ்ச சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதறேன். மத்தவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்.

மூணு வருஷப் படிப்பு

நான் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து தினம் பஸ் புடிச்சு வந்து திருவண்ணாமலையில விஸ்காம் படிச்சவ. கடைசி செமஸ்டர்ல எங்க சார் ஒரு வேலை கொடுத்தார். ஒரு திரில்லர் படத்தோட ஆரம்பக் காட்சி. கொலைகாரன் முகம் தெரியக் கூடாது, ஆனா வர்றது அவன்தான்னு தெரியணும். எந்தப் படம் நல்லா வருதோ அதோட எடிட்டரை, சென்னையில தனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோவுல பயிற்சிக்குச் சேர்த்துவிடறேன்னும் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதுலேர்ந்து தூக்கமே போச்சு. ஏன்னா அது கிடைக்கலேன்னா மாமாவோட ஜெராக்ஸ் கடையில நான் உக்காரணும்னு வீட்டுல பேசி முடிச்சிட்டாங்க. ஆதார் கார்டை முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் போட்டே ஆயுசு முடிஞ்சிடும்.

முகத்துக்குப் பதிலா பூட்ஸைக் காட்டலாம்னு முடிவு பண்ணேன். கறுப்பு பூட்ஸ் வந்தா கொலைகாரன் வந்துட்டான்னு அர்த்தம். நாப்பது கட்டம் போட்டு ஒவ்வொரு ஷாட்டா வரைஞ்சேன். எங்கப்பா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கிட்டே எல்லாத்தையும் பொறுமையா பார்த்தாரு. பார்த்துட்டு, "ஒருத்தி பின்னாடியே போயி குத்தறதுக்கு மூணு வருஷம் படிக்கணுமாம்மா?"ன்னாரு.

யார் வீட்டுப் புள்ள

எங்க படை மொத்தமே நாலு பேர். நான் டைரக்டர் கம் எடிட்டர். பிரகாஷ் கேமரா. அவங்கண்ணன் கல்யாண ஸ்டுடியோ வெச்சிருக்காரு, இவன் லீவு நாள்ல முகூர்த்தம் எடுக்கறவன். அதனால எதிர்ல யார் வந்தாலும், மாலையும் கழுத்துமா வர்ற மாதிரி மெதுவா ஜூம் பண்ணுவான். சாகப் போறவ நந்தினி. கொலைகாரன் கணேசன், கோயில்ல குருக்களா இருக்கறவரோட பையன். சத்தமா தும்மினாக்கூட 'சாரி' சொல்ற ரகம். அவனை ஏன் எடுத்தேன்னா, என்.சி.சி. பூட்ஸ் அவன்கிட்டதான் இருந்துச்சு.

ஆள் இல்லாத ரோடு வேணும்னு இந்த ஊர்ல தேடிப் பாருங்க, தெரியும். கடைசியில வேங்கிக்கால் பக்கம் புதுசா பிளாட் போட்ட ஒரு தெரு கெடச்சிது. மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க, இருட்டை எடிட்டிங்ல போட்டுக்கலாம்னான் பிரகாஷ். நந்தினி பயந்து நடக்க, கணேசன் பூட்ஸ் சத்தத்தோட பின்னாடியே போக, மூணாவது டேக்ல ஒரு வீட்டுலேர்ந்து தொடப்பத்தோட ஒரு அம்மா வந்துட்டாங்க. எங்களையும் பார்க்கல, கேமராவையும் பார்க்கல. நேரா கணேசன் சட்டையைப் புடிச்சு, "பட்டப்பகல்ல பொண்ணு பின்னாடி போறியே, யார் வீட்டுப் புள்ளடா நீ?"ன்னாங்க. அவன் நடுங்கிக்கிட்டே அப்பா பேரையும் கோயிலையும் சொன்னான். அந்தம்மா பட்டுன்னு சட்டையை விட்டாங்க, கசங்கினதைத் தடவி வேற விட்டாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கார்த்திகை தீபத்துக்கு உள்ள போறதுக்கு ஒரு பாஸ் வாங்கித் தர முடியுமா, தம்பி?"ன்னு கேட்டாங்க.

சூடான பொங்கல்

கடைசி ஷாட் மலையைச் சுத்திப் போற கிரிவலப் பாதையில. நந்தினி அந்த ரோட்டுல ஏறி ஓடணும், பின்னாடி கொலைகாரன் கால் மட்டும் வேகமா வரணும். அன்னைக்குன்னு பார்த்து பௌர்ணமி. மத்தியானம் ரெண்டு மணிக்கே ஜனம் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. பிரகாஷ் ரோட்டோரமா ஸ்டேண்டைப் போட்டு கேமராவை மாட்டினான். செருப்பையெல்லாம் வேப்பமரத்தடியில விட்டுட்டு நாங்க ரோட்டுல ஏறினோம்.

தார் ரோடு தோசைக்கல்லா கொதிச்சுது. அதனாலயோ என்னவோ கணேசன் நடை பிரமாதமா இருந்துச்சு. விறுவிறுன்னு, விட்டு விட்டு, ஒரு வெறியோட. நான் ஓகே சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அன்னதானம் பண்ற ஒருத்தர் தொன்னையோட நேரா ஃப்ரேமுக்குள்ள வந்துட்டாரு. கொலைகாரன் கையில கத்தி இருக்கறதை அவரு பார்த்தாரு. பார்த்துட்டு முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம, "கத்தியை ஓரமா வெச்சிட்டுக் கையை நீட்டுப்பா, பொங்கல் சூடா இருக்கு"ன்னாரு.

காணாமப் போன ஜோடி

பொங்கல் சாப்பிட்டுட்டு மரத்தடிக்கு வந்தா மூணு ஜோடி செருப்புதான் இருக்கு, பூட்ஸைக் காணோம். என்.சி.சி. ஆபீசருக்கு என்ன பதில் சொல்றதுன்னு கணேசன் அழாத குறை. பாவம், நாங்களும் கூடச் சேர்ந்து ஒரு மணி நேரம் தேடினோம். அப்பக்கூட எங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் உறைக்கலீங்க. மறுநாள் பிரகாஷ் அண்ணன் ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஷாட்டை வரிசையா அடுக்கினப்பதான் பார்த்தேன். பூட்ஸ், பூட்ஸ், பூட்ஸ், அடுத்தது வெறுங்காலு.

கொலைகாரனோட ஒரே அடையாளத்தை அவன் கழட்டி வெச்சிட்டு வந்திருக்கான். கேமராமேன் அந்தக் காலையே குளோசப்ல எடுத்திருக்கான், டைரக்டர் நான் 'சூப்பர்'னு கத்தியிருக்கேன். அந்த ரோட்டுல காலுன்னா அது வெறுங்காலுதானே, எங்க கண்ணுக்கு எப்படித் தப்பாத் தெரியும்? விடிஞ்சா படத்தைக் கொடுக்கணும், ஜெராக்ஸ் மெஷின் சத்தம் காதுல கேக்குது. வேற பூட்ஸ் கடன் வாங்கி அந்த ஒரு ஷாட்டை மட்டும் அதே ரோட்டுல திரும்ப எடுத்துடலாம்டான்னு கணேசன்கிட்ட கெஞ்சினேன். முகம் தெரியாதே, யாருக்குத் தெரியப்போவுதுன்னேன். அவன் ரொம்ப மரியாதையா, "சாருக்குத் தெரியாதுன்னே வெச்சுக்க, மலைக்குமா தெரியாது?"ன்னான்.

மறந்து ஓடின கேமரா

பிரகாஷ் அவன் பங்குக்கு உதவி பண்ணான். பூட்ஸுக்கும் வெறுங்காலுக்கும் நடுவுல ரோஜாப்பூ கொட்ற எஃபெக்ட் போட்டான். அது சரியில்லேன்னதும் ரெண்டு புறா பறக்கவிட்டான். அவன் தலையில நாலு போடலாம்னு வந்துச்சு. அவனை எழுப்பி அனுப்பிட்டு, எடுத்ததையெல்லாம் மொதல்லேர்ந்து ஒண்ணு விடாம பார்த்தேன். அதுல ஒரு நீளமான கிளிப். ரோட்டோரமா ஸ்டேண்டுல மாட்டினவன், ஆன் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டான். வேப்பமரத்தடி முழுசா தெரியுது. மொதல்ல நந்தினி காலு வருது, செருப்பை உதறிட்டு ரோட்டுல ஏறுது. அப்புறம் பூட்ஸ் வருது. குனிஞ்சு, நிதானமா, ஒவ்வொரு கயிறா அவுத்து, ரெண்டையும் அவ செருப்புப் பக்கத்துல ஒழுங்கா சேர்த்து வெச்சிட்டு அந்த வெறுங்காலு அவ போன பக்கமே போவுது.

எனக்கே ஒரு மாதிரி உடம்பு சிலிர்த்துடுச்சு. பூட்ஸ் ஷாட்டுக்கும் வெறுங்காலுக்கும் நடுவுல அதை அப்படியே வெட்டாம வெச்சேன், மியூசிக் கூடப் போடல. பிரகாஷ் டீயோட திரும்பி வந்து பார்த்தான். அப்புறம், "நான் ஆஃப் பண்ண மறந்ததுதான் படத்துலயே நல்ல ஷாட்டு, எழுதி வெச்சுக்க"ன்னான்.

ரெண்டு மணி வெயில்

படம் பார்க்க சென்னையிலேர்ந்து வெளித் தேர்வாளர் ஒருத்தர் வந்திருந்தார். எங்க கிளாஸ் மூச்சு விடாம பார்த்துச்சு. லைட் போட்டதும் அவர் என்னை எழுப்பி, "கொலை பண்ணப் போறவன் எதுக்கும்மா பூட்ஸைக் கழட்டறான்?"னார். நான் பிரகாஷைத் திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள எங்க சார், என்ன கேள்வி இதுங்கற மாதிரி, "அது கிரிவலப் பாதைங்க, வேற எப்படிப் போவான்?"னார். மொத்த கிளாஸும் ஆமான்னு தலையாட்டுச்சு.

அந்தத் தேர்வாளர் அசந்துட்டார். பக்தியும் கொலையும் ஒரே காலில் நடக்கிற சமூகத்தை நான் தோலுரிச்சிட்டதா பத்து நிமிஷம் பேசினார். நான் தோலையும் உரிக்கல, மல்லாட்டையும் உரிக்கல, ஆனா வாயைத் திறந்தா சென்னை போயிடுமேன்னு கம்முனு நின்னேன். எங்க சார் அப்பவே ஸ்டுடியோவுக்குப் போன் போட வெளியே போனார். கடைசியா தேர்வாளர் கணேசனைக் கூப்பிட்டு, அந்த வெறி புடிச்ச நடைக்கு எங்க பயிற்சி எடுத்தீங்கன்னு கேட்டார். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "தாரு சுட்டுச்சு சார்"னான்.

இப்ப நான் சென்னையில அந்த ஸ்டுடியோவுலதான் இருக்கேன். அப்பா படத்தைப் போன்ல மூணு தடவை பார்த்துட்டு, "அந்தப் பூட்ஸ் அப்புறம் கெடச்சிதாம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. எங்க திரில்லர்ல நடந்த ஒரே நிஜக் குற்றம் அந்தப் பூட்ஸ் திருட்டுதான், சார் சொன்ன மாதிரியே அதுல குற்றவாளியோட முகம் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல.