சாவி கொடுத்துவிட்டுப் போனவள்

ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் பட்டணமே மூட்டை கட்டியது. ராயபுரத்தில் தண்டபாணியின் ஒண்டுக்குடித்தன வீட்டிலும் வீட்டுக்காரர் குடும்பத்தைத் தவிர எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் போனவள் பிலோமி. ஹார்பரில் கிரேன் சங்கிலி அறுந்து புருஷன் செத்த பிறகு, மாதா கோயில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நான கவுனும் புதுநன்மை அங்கியும் தைத்து வயிற்றைக் கழுவியவள். பழவேற்காட்டுக்குப் போகும் கால்வாய்ப் படகில் ஆள் உட்காரவே இடமில்லை. காலால் மிதிக்கும் இரும்புத் தையல் மிஷினை எங்கே ஏற்றுவது? அறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

பூட்டியவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு இல்லாமல் அறை இருண்டு கிடக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் மனைவி புஷ்பவல்லியிடம் கொடுத்தாள். அந்த வீட்டில் அது வழக்கம்தான். இவள் ஊருக்குப் போனால் அவள் மாதாவுக்கு விளக்கேற்றுவாள். அவள் திருப்பதிக்குப் போனால் இவள் அவள் வாசலுக்குக் கோலம் போடுவாள்.

மழைக்காலம் முடிந்து திரும்பினாள். அறையில் மிலிட்டரி காண்டிராக்டரின் ஆள் குடியிருந்தான். மிஷின் இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை, ஒரு தட்டுகூட இல்லை. காலி பண்ணிவிட்டுப் போனவளின் குப்பையை எத்தனை நாள் காவல் காப்பது, பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றார் தண்டபாணி, வெற்றிலையை மென்றபடி. புருஷன் அந்தப் பக்கம் போனதும் புஷ்பவல்லி மாதா படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். இத்தனை நாளும் தன் வீட்டிலேயே வைத்து விளக்கேற்றியிருக்கிறாள். அவளை வையவும் பிலோமிக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்கு வரும் வக்கீல் ஒருவர் கேஸ் போட்டார். வாடகை பாக்கியே இருந்தாலும், நோட்டீஸ் இல்லாமல், கோர்ட்டைக் கேட்காமல் குடித்தனக்காரர் சாமானை விற்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது என்றார். தன் பக்கம் அப்படி ஒரு சட்டம் உண்டு என்பதே பிலோமிக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிஷின் திரும்பி வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள், பாவி.

பிறகுதான் சாவி விஷயம் வக்கீலுக்குத் தெரிந்தது. மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. சாவியை வீட்டுக்காரர்களே பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடு என்றார். கோர்ட்டில் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தவள் எப்படிச் சொல்வாள்? புஷ்பவல்லி வேறு எதிரே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சாவிய நீயாத்தான் குடுத்தியா?" என்று கேட்டார் எதிர் வக்கீல்.

"நான்தான் சாமி குடுத்தேன். வெளக்கு ஏத்தறதுக்கு."

முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். மறு பாதி யாருக்கு வேண்டும்? சாவியை ஒப்படைத்தவள் வீட்டைக் காலி செய்தவள் என்று தீர்ப்பாயிற்று. விட்டுப்போன சாமானுக்குக் கேட்பார் கிடையாது. இப்படிப்பட்ட நியாயத்தை எரிக்கிற கோபம் எனக்கு வருகிறது, அவளுக்கு வரவில்லை. அவள் வேலை தேடப் போனாள்.

திருவொற்றியூரில் ஜாபர் என்ற தையல்காரர் கூலிக்குச் சேர்த்துக்கொண்டு, மூலையில் இருந்த மிஷினைக் காட்டினார். உட்கார்ந்து மிதித்தவளுக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. மிதிபலகையில் விரிசல் விட்ட இடத்தில் புருஷன் கட்டிய செம்புக் கம்பி அப்படியே இருந்தது. ஜாபர் அதைப் பழைய சாமான் கடையில் நேர்மையாக வாங்கியவர். நல்ல மனிதர். கோர்ட்டே கைவிரித்த பிறகு அவரிடம் என்ன கேட்பது? கேட்டால் கூலியும் போகும். வாயைப் பொத்திக்கொண்டு தன் மிஷினிலேயே கூலிக்குத் தைத்தாள், பல வருஷம்.

ஐம்பத்தாறில் ஜாபரின் மகள் ஜெரினாவுக்குக் கல்யாணம். மிஷினைச் சீதனமாகக் கொடுக்கிறோம், எண்ணெய் விட்டுத் துடைத்து வையம்மா என்று ஜாபர் சொன்னார். பிலோமி ஊசி மாற்றினாள், வாரை இறுக்கினாள், சக்கரத்தைத் துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். எண்ணெய் எங்கெங்கே விட வேண்டும் என்று பெண்ணுக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

"முந்தி இது யாரோடது ஆன்ட்டி?" என்று ஜெரினா கேட்டாள்.

"எவளோ ஒருத்தி வேணாம்னு வுட்டுட்டுப் போனதுமா" என்றாள் பிலோமி. "கோர்ட்லயே எழுதி வெச்சிகிறாங்கோ."