மருந்தில்லாத குளிசைக்குப் பத்தியம்

முகாமில் குளிசை, மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. வாவிக்கரையில் ஒரு பாடசாலை வளவு. அதன் விறாந்தையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தறப்பாள் மறைப்பு. அதற்குப் பெயர் கிளினிக். சனம் விடியவே வந்து வரிசையில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விடும். அந்தக் கல் வரிசையைப் பார்த்தாலே எனக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

சுனாமி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாங்கேணிக்குப் பக்கத்தில் எங்கள் கரையைக் கடல் கழுவித் துடைத்துவிட்டுப் போன பிறகு, ஒருவாறு கொட்டில் போட்டு எழும்பியிருந்தோம். அந்த நேரம் பார்த்துச் சண்டை வந்தது. கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு நடந்து, கடந்து, இந்த முகாமுக்கு வந்து சேர்ந்தோம். நானும் அகதிதான், வெள்ளைச் சட்டை போட்ட அகதி. என் கூடாரமும் மற்றவர்களுடையதைப் போலத்தான் ஒழுகியது. ஆனால் எனக்கு நோய் வரக்கூடாது, அலுப்பு வரக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

அந்த வரிசையில் வந்த ஒருத்தியை எனக்கு ஊரிலேயே தெரியும். அப்போது முப்பது வயது இருக்கும். கடல் வந்த அன்று புருசன் தோணியில் போனவர் திரும்பவில்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிய மூத்த பிள்ளைகள் இரண்டும் கையை விட்டுப் போயின. கடைக்குட்டி மகள் மட்டும் முதல் நாள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். அன்று தொடக்கம் அந்தப் பிள்ளை பெரியம்மாவிடம்தான். முகாமில் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். ஆனால் தாய் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் நிமிர்வாள்.

அவளுடைய அக்கா பொல்லாதவள் இல்லை. மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னாள்.

“புள்ளயத் தாறத்துக்கு எனக்கு மனமில்லையா மிஸ்? ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுத் திரியிறவள்ற கையில எப்பிடிக் குடுக்கிற? அதுக்கு விசர்க் குளிசை போடுறவள்ற கையில குடுக்கிறதும் சரிவராது. தன்பாட்டுல நித்திரை கொண்டு எழும்பட்டும். மறுகா நான் குடுக்கன்.”

குளிசை போட்டால் விசரி, பைத்தியக்காரி. போடாவிட்டால் நித்திரை இல்லாதவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை கிடைக்காது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை மனநல டொக்டர் ஒருவர் வருவார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, என்னைவிடக் களைத்த மனிதர். அவர் எழுதிக் கொடுத்த மருந்தை அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. அவள் போனபின் என்னிடம், “கல்சியம் குளிசை இருக்குதானே, அதைக் குடுங்க. ஆனா ஆளை ஏமாத்த வேணாம். இதில மருந்து இல்லை எண்டு சொல்லியே குடுங்க. தெரிஞ்சு போட்டாலும் சிலருக்குக் கொஞ்சம் சுகம் வரும். நேரம் தவறாமப் போடட்டும். மற்ற மருந்துக்கு ஓம் எண்டு சொல்லுறாவா எண்டு ஒவ்வொரு முறையும் நான் கேக்கிறன்” என்றார். படித்த மனிதர், களைப்பில் உளறுகிறார் என்று நினைத்தேன். கொடுக்கச் சொன்னால் கொடுப்பதுதானே என் வேலை.

அடுத்த நாள் அவளுடைய கல்லின் முறை வந்தது.

“தங்கச்சி, இது கல்சியம். எலும்புக்கு நல்லது. உங்கட நித்திரைக்கோ மனசுக்கோ இதில ஒரு மருந்தும் இல்ல. டொக்டர் அது தெரிஞ்சுதான் தரச் சொன்னவர். சிலருக்கு இதப் போட்டாலே கொஞ்சம் சுகம் வருமாம்.”

அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “விசர்க் குளிசை இல்லத்தானே?”

“இல்ல.”

“அக்கா கேட்டா மருந்தில்லாத குளிசை எண்டு சொல்லலாமா?”

“சொல்லுங்க. உண்மைதானே.”

நாலு அடி போனவள் கிறுகி வந்தாள். “மிஸ், இதுக்கு என்ன பத்தியம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பத்தியம் இல்லாத மருந்தை யாரும் மருந்தென்று மதிப்பதில்லை. பரியாரியார் ஒரு கடதாசிச் சரை தூள் கொடுத்தால், நண்டு கூடாது, கத்தரிக்காய் கூடாது, தலை முழுகக் கூடாது என்று அரைமணி நேரம் சொல்லி அனுப்புவார். ஆசுபத்திரிக் குளிசைக்கும் என்னிடம் பத்தியம் கேட்பார்கள். ஒன்றும் இல்லை, போங்கள் என்று துரத்துவேன். அன்று என்னவோ துரத்த மனம் வரவில்லை. மருந்துதான் இல்லை, பத்தியமாவது இருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“விளக்கு வைக்கிற நேரம் முகம் கழுவி, தலைய இழுத்துக் கட்டணும். ஒரு பிடி சோறு தின்ன மறுகாதான் குளிசை. விடிய எழும்பினதும் மகளப் போய் ஒருக்காப் பாத்திட்டு வரணும்.”

“தூக்கணுமா?”

“பாத்தாப் போதும்.”

முதல் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கிழமை தலைசீவி வந்து நின்றாள், எனக்கு ஆள் மட்டுப்படவில்லை, அடையாளமே தெரியவில்லை. பிறகு, ராவைக்கு மூன்று மணித்தியாலம் கண் அயர்கிறது என்றாள். ஒரு நாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றதைக் கண்டேன். அந்த முகாமில் என் கையால் ஏதாவது உருப்பட்டது என்றால் அது ஒன்றுதான் என்று பெருமைப்பட்டேன்.

அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வரிசையில் வந்தவர்கள் மேசையில் கையூன்றி, “அந்த மருந்தில்லாக் குளிசை எனக்கும் தாங்க கா, பத்தியத்தோட” என்று கேட்கத் தொடங்கினார்கள். டொக்டர் பார்த்துச் சரி என்றவர்களுக்குக் கொடுத்தேன். சிலருக்குச் சுகம், சிலருக்கு ஒன்றும் இல்லை. நானும் ஒரு கிழமை போட்டுப் பார்த்தேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. எனக்குப் பத்தியம் சொல்ல ஆள் இல்லை.

அக்காவும் இளகினாள். “இப்ப ஆள் பரவால்ல. இண்டைக்கி ஒரு ராவைக்குப் புள்ளய விட்டுப் பாக்கன்” என்றாள்.

அன்று பகல் அவள் என்னிடம் வந்தாள். “இண்டைக்கி மட்டும் நான் ஒழுங்கா நித்திரை கொண்டு எழும்பினாப் போதும் மிஸ். முழிச்சிரிந்தன் எண்டா அக்கா கண்டு பிடிச்சிரும்.” புதிதாக வந்த மருந்துப் பெட்டியில் உண்மையான நித்திரைக் குளிசை இருந்தது. அவளுடைய அட்டையில், சம்மதித்தால் கொடுக்கவும் என்று டொக்டர் எழுதியதும் இருந்தது. கேட்டேன். வேண்டாம் என்று அழுதாள். பின்னால் வரிசை. மழை வேறு. ஒரு கிழவர் இருமிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டும் வெள்ளைதான். நித்திரைக் குளிசை கொஞ்சம் சிறிது. மூன்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.

“புதுக் குளிசைப் பேணி வந்திரிக்கி தங்கச்சி. இந்தமுறை கொஞ்சம் சின்னன். அதே சாமான்தான்.”

இரக்கத்தில் செய்தேன் என்று கனகாலம் என்னை நானே தேற்றினேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது. வாரா வாரம் அதே கண்ணை, அதே கேள்வியைப் பார்த்துப் பார்த்து, இது ஒன்றாவது முடியட்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

விடிந்து வெயில் ஏறியபோது பிள்ளை கூடாரத்தில் இல்லை. வாவியில் வலை இழுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்ததாம். தூக்கி வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. தாய் அப்போதும் பாயில் கிடந்தாள். நான் ஓடிப் போனபோது அக்கா அவளைத் தோளில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத உடம்பு, தின்ன ஒன்றுமில்லாத உடம்பு, கண்ணைத் திறக்கவே அவளால் முடியவில்லை.

“கடலுக்குத் தப்பின புள்ளய வாவிக்குக் குடுக்கப் பாத்தியே” என்று அக்கா சொன்னாள். கத்தவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிபோல் அவள் என் மேசைக்கு வந்தாள். மீதி இரண்டு குளிசையையும் மேசையில் வைத்தாள்.

“மிஸ், நேத்துத் தந்ததில மருந்து இருந்ததா?”

பின்னால் சனம் நின்றது. முகாம் பொறுப்பாளர் பக்கத்துக் கதிரையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “இல்ல” என்றேன்.

தலையாட்டினாள். “அப்ப நான்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எந்தக் குளிசைக்கும் அவள் வரவில்லை. டொக்டர் கேட்டபோது, ஆள் வருவது நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

முகாமை மூடி எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். அவள் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலைக்குப் போனாள். பிள்ளை அக்காவோடு. நான் ஊர்க் கிளினிக்கில். தெருவில் கண்டால் சிரிப்பாள், நான் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமை. எங்கள் ஊரில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் ஆட்களை விட்டவர்கள் மட்டும் தெருமுனையில் கூடிக் கூடி நின்றார்கள். கிளினிக்குக்கு அந்தப் பிள்ளையைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் பெரியம்மா, மற்றப் பக்கம் தாய். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கெட்டிக்காரி. யாரோடு வந்தீங்க என்று சும்மாதான் கேட்டேன். “அம்மாவோட” என்று பெரியம்மாவின் சேலையைப் பிடித்தது. பிறகு மற்றப் பக்கம் கையைக் காட்டி, “சின்னம்மாவும் வந்த” என்றது. பெற்றவள் குனிந்து பிள்ளையின் செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வாடிக்குப் போனேன். அவள் நெத்தலியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று கொடுத்தது நித்திரை மருந்து, தெரிந்துதான் கொடுத்தேன், நீ கேட்டபோது பொய் சொன்னேன்.

கையில் இருந்த நெத்தலியை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்து முடித்தாள்.

“அப்ப அண்டைக்கி அது நானில்லயா?”

“இல்ல புள்ள. குளிசை.”

“நான் படுத்தாப் புள்ள தண்ணிக்குப் போயிரும் எண்டு நினச்சன். அண்டைக்கிப் புடிச்சி நான் பாய் போட்டுப் படுக்கிறதே இல்ல மிஸ். அக்காட வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து அது மூச்சு விடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டிரிப்பன். இருந்த இடத்தில கண் சொருகினா எழும்பி நடப்பன்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கழுவி, சீலையில் துடைத்துக்கொண்டு, “அக்காட்ட வந்து சொல்லுங்க” என்றாள்.

உச்சி வெயிலில் இருவரும் நடந்து போனோம். அக்கா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை காய்ச்சல் விட்டு வாசல்படியில் இருந்தது. வாடியில் சொன்னதை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்த கதையை அவளே சொன்னாள். அக்கா சுளகை மடியில் வைத்தபடி கேட்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. பிறகு எழும்பி உள்ளே போய்ப் பாயைக் கொண்டுவந்து, அறைக்குள் நிழலில் விரித்தாள்.

“படு” என்றாள் தங்கையிடம். “புள்ளயும் உன்னோட படுக்கட்டும். நான் முழிச்சிரிக்கன்.”

அவள் நின்றாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள். பிள்ளை ஒன்றும் விளங்காமல் வந்து பாயின் ஓரத்தில் சரிந்தது. கொஞ்ச நேரத்தில் தாய் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள். அக்கா அறை வாசலில் குறுக்கே குந்திக்கொண்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பின்னேரம் அவள் கண் விழிக்கும்வரை நான் முற்றத்து வெயிலில் நின்றேன்.