கதவின் அடியில் தட்டியவன்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது என்று நான் சொல்வேன். மழையே இல்லை, வானம் சிவந்து கிடந்தது என்பாள் என் மனைவி சாந்தமேரி. விளக்கை ஏற்றியது நானா அவளா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. ஆனால் கதவு தட்டப்பட்டது. அது இருவர் காதிலும் விழுந்தது. பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான். இத்தனை வருஷமாக நான் இதைப் பேசாமல் இருந்தது பயத்தால் அல்ல. கோபத்தால்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே தந்திக் குமாஸ்தா. கிராணி என்பார்கள். பெயர் இருதயம். 1926 வாக்கில் இருக்கும். கிராணிகளுக்கான வீடு எதுவும் காலியாக இல்லாததால், பிரிக்பீல்ட்ஸில் தண்டவாள வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்தில் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். ஒரே கூரை, வரிசையாகப் பன்னிரண்டு கதவு. பின்னால் கிள்ளானுக்குப் போகும் தண்டவாளம். அதற்கும் அப்பால் ஆறு. சாந்தமேரிக்கு எட்டாம் மாதம்.

பக்கத்து வீடு நாகையாவுடையது. தண்டவாள வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் அவர். பெரிய மீசை, பெரிய குரல். அவர் மனைவி மாரியாயி மருத்துவச்சி. அந்தப் பக்கத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. சுவருக்கு அந்தப் பக்கமே மருத்துவச்சி இருக்கிறாள் என்றுதான் அந்த வீட்டுக்கு நான் சம்மதித்தேன்.

சாமான் இறக்கிய அன்றே நாகையா வந்தார்.

"கிராணியாரே, ஒரு சமாச்சாரம். விளக்கு வச்சதும் கதவ அடைச்சிடணும். யார் தட்டினாலும் தொறக்கக் கூடாது. பதிலும் சொல்லக் கூடாது."

"ஏன் அண்ணே?"

"பொத்தோங் கெப்பாலா லா. தலை வெட்டுறவன். பாலம் நிக்கணும்னா தூணுக்கு ஒரு தலை புதைக்கணுமாம். வெள்ளைக்காரன் ஆள் விட்டிருக்கான். படிச்சவங்க நம்ப மாட்டீங்க. தலை போனப்புறம்தான் தெரியும்."

"தலை போனா எப்படி அண்ணே தெரியும்?" என்றாள் சாந்தமேரி.

கதவோரம் நின்ற மாரியாயி சிரித்துவிட்டாள். நாகையா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அந்த வதந்தி எனக்கும் தெரியும். ஆற்றுக்குப் பாலம் கட்டிய நாளில் ஊரே நடுங்கிக்கிடந்தது. சீனர் கடைகளைக்கூடப் பொழுதோடு அடைத்தார்கள். ஆனால்... பாலம் கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதன் மேல் மாட்டுவண்டியும் லோரியும் ஓடிக்கொண்டிருந்தன.

இனி எதற்குத் தலை?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லயத்தின் எல்லாக் கதவுகளிலும் அடிப்பக்கம், முழங்கால் உயரத்துக்கு, தார் பூசியிருந்தார்கள். எங்கள் கதவில் மட்டும் இல்லை. கேட்டேன். "கரையான்" என்றார் நாகையா. கடைசி வீட்டை மட்டும் விட்டுவைக்கிற கரையானை நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் நாள் மாலை விளக்கு வைத்ததும் லயம் அடங்கியது. அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையின் வாயை யாரோ பொத்தினார்கள். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

டொக்... டொக்... டொக்...

முதல் வீட்டுக் கதவு. தூரத்தில்.

"அக்கா... தொறங்கக்கா..."

ஆண் குரல். களைத்த குரல். யாரும் திறக்கவில்லை. பிறகு ஏதோ தரையில் இழுபடும் ஓசை. சர்ர்ர்... காலடிச் சத்தம் இல்லை. இழுபடும் ஓசை மட்டும். அடுத்த கதவு. டொக்... டொக்... அதற்கடுத்தது.

நெருங்கி வந்தது. நாகையா வீட்டுக் கதவுக்கு வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். தட்டும் ஓசை கீழேயிருந்து வந்தது. மிகக் கீழே. நிற்கிற மனிதன் அந்த உயரத்தில் தட்டமாட்டான்.

"யாரோ அடிபட்டுக் கெடக்குற மாதிரி இருக்கு" என்றாள் சாந்தமேரி. எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். சுவரில் மடாரென்று ஓர் அடி. அந்தப் பக்கத்திலிருந்து நாகையா. அதே நேரம் கிள்ளான் வண்டி ஊதியது. பெட்டிகள் தடதடவென்று பின்பக்கமாகக் கடந்தன.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

ஒவ்வொரு மாலையும் இதேதான். முதல் கதவில் தொடங்கும். நாகையா வீட்டுக் கதவில் முடியும். எங்கள் கதவுக்கு வராது. கிள்ளான் வண்டி கடந்ததும் நின்றுவிடும்.

"காத்து" என்றார் நாகையா.

"காத்து அக்கான்னு கூப்பிடுமா அண்ணே?"

"கிராணிக்குத் தந்தி அடிக்கத் தெரிஞ்சாப் போதும். கேள்வி கேக்கத் தெரிய வேணாம்."

மாரியாயியைக் கேட்டேன். அவள் சாந்தமேரியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "பகல்ல வலி வரணும்னு உங்க மாதாவ வேண்டிக்கம்மா" என்றாள்.

பகலில் வரவில்லை.

மாதம் நிறைந்த ஒரு நாள், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சாந்தமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. "மாதாவே" என்றாள். கதவை அப்படியே திறந்துபோட்டுவிட்டு நான் வெளியே ஓடினேன். பக்கத்துக் கதவு. கை நீட்டினால் எட்டும் தூரம்.

"அக்கா! நான் இருதயம். வலி வந்துடுச்சு. தொறங்கக்கா!"

உள்ளே வளையல் சத்தம். கதவுக்கு மிக அருகில். வந்துவிட்டாள். தாழ்ப்பாள் அசைந்தது.

பாதியில் நின்றது.

"தொறந்தே... கொன்னுடுவேன்." நாகையாவின் குரல்.

"அண்ணே! பக்கத்து வீடு அண்ணே! கிராணி! என் குரல் தெரியலையா? என் பொண்டாட்டிக்கு வலி!"

பிறகு அவர் தன் மனைவியிடம் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவனும் இதையேதான் சொன்னான்."

ஓடினேன். அடுத்த கதவு. அதற்கடுத்தது. உதைத்தேன். கெஞ்சினேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். உள்ளே மனிதர்கள் இருந்தார்கள். மூச்சு விடுவது கேட்டது. ஒரு வீட்டில் விளக்கை ஊதி அணைத்தார்கள். ஒரு வீட்டில் "முருகா முருகா" என்று முணுமுணுத்தார்கள். முருகனைக் கூப்பிட்ட வாய்க்கு, வெளியே நிற்பது யாரென்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

முதல் கதவுக்கு வந்தபோது எனக்குக் குரல் போய்விட்டிருந்தது. முட்டி போட்டிருந்தேன். எப்போது போட்டேன், தெரியாது. கதவின் அடியில், அந்தத் தாரின் மேல், தட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா... தொறங்கக்கா..."

என் வாயா?

டொக்... டொக்...

நான் தட்டவில்லை. என் கை அந்தரத்தில் நின்றிருந்தது.

ஓசை மறுகோடியிலிருந்து வந்தது.

என் வீட்டிலிருந்து.

"வாங்க..." சாந்தமேரியின் குரல். "தொறந்துதான் இருக்கு... உள்ள வாங்க..."

எழுந்து ஓடினேன்.

சர்ர்ர்...

என் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஏதோ உள்ளே இழுபட்டுப் போனது. ஓசை மட்டும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினேன். தோளால் இடித்தேன். அசையவில்லை. உள்ளே பேச்சுக் குரல். சாந்தமேரி இல்லை. வேறொரு பெண்.

கிள்ளான் வண்டி ஊதியது.

தடதடதட...

போய்விட்டது.

அமைதி.

பிறகு... பிள்ளை அழுதது.

கதவு தானாகத் திறந்தது.

சாந்தமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் பிள்ளை. துடைத்து, துணியில் சுற்றியிருந்தது. தொப்புள்கொடியைச் சணலால் கட்டியிருந்தார்கள். கோணிச் சாக்கிலிருந்து உருவிய சணல். எங்கள் வீட்டில் சாக்கே கிடையாது. நான் நிரப்பி வைத்திருந்த தண்ணீர்ப் பானை காலி.

"யாரு வந்தா?"

"நீங்கதானே அனுப்பினீங்க?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல ஒரு ஆளு. தவழ்ந்து வந்தாரு. தண்ணி கேட்டாரு. பானையக் காட்டினேன். அப்புறம் அந்த மூலையில சுவரப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டாரு. கூட ஒரு பொண்ணு. அவதான் புள்ளைய எடுத்தா. பாவம், அவளுக்கும் நெறமாசம். இடுப்பப் பிடிச்சுக்கிட்டே எல்லாம் செஞ்சா. நீங்க உக்காருங்கன்னேன். 'மொதல்ல உனக்கு. எனக்கு அப்புறம்'னா."

அந்த மூலையில் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். யாரும் இல்லை.

விடிந்ததும் எல்லாக் கதவும் திறந்தன. எல்லோரும் பல் துலக்கினார்கள். "என்ன கிராணியாரே, புள்ள சத்தம் கேட்டுச்சே. நல்லபடியா ஆச்சா?" என்றார் நாகையா. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் யார்மேலும் கை வைத்ததில்லை.

"யாரு அவன்? சொல்லு! யாரு அவன்?"

அவர் என் கையை உதறப் பார்த்தார். மாரியாயி சொன்னாள்.

"அவன் பேரு சின்னையா, தம்பி. பாலம் கட்டுன சமயம். சாலாக் செலாத்தான்ல இருந்து என்னைக் கூப்பிட வந்தான். பொண்டாட்டிக்கு வலின்னு. மருத்துவச்சிய வெறுங்கையோட கூப்பிடக் கூடாதுன்னு ஒரு பூசணிக்காயச் சாக்குல போட்டுத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கான். பொழுது சாஞ்சிடுச்சு. சாக்குல தலைன்னு எவனோ கத்தினான்..."

"தொறந்து பாக்கலையா?"

"காலை ஒடிச்சப்புறம் பாத்தாங்க. பாத்ததும் பயந்து வீட்டுக்குள்ள ஓடிக் கதவ அடைச்சிக்கிட்டாங்க. அவன் ஒவ்வொரு கதவா தவழ்ந்து வந்தான், என்னைத் தேடிக்கிட்டு. கடைசியா எங்க கதவு. எனக்குக் கேட்டுச்சு. இவரு விடல."

தார் எதை மறைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

"அப்புறம்?"

"போலீஸ் வந்தா எல்லாரும் மாட்டிக்குவோம்னு... தூக்கிட்டுப் போய்த் தண்டவாளத்துல போட்டாங்க. கிள்ளான் வண்டி வர்ற நேரம்."

"அப்ப உசிரு இருந்துச்சா?"

மாரியாயி தரையைப் பார்த்தாள். சுற்றிலும் லயத்து ஆட்கள் வாயில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்கள்.

"அந்தப் பூசணிக்காய என்ன பண்ணினீங்க?" ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"...கொழம்பு வச்சாங்க."

நான் போலீசுக்குப் போனேன். குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தவன் என்று முன்பே வழக்கை முடித்துவிட்டிருந்தார்கள். பதினொரு வீடும் ஒரே வாயாகச் சொல்லியிருக்கிறது. சாட்சி உண்டா என்றார்கள். மாரியாயி வர மறுத்துவிட்டாள். "செத்தவன் வந்து சொன்னான்னு எழுதிக்கவா?" என்று சார்ஜன் சிரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாலாக் செலாத்தானுக்குப் போனேன். சின்னையாவின் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவன் மனைவியும் பிள்ளையும் எங்கே என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டேன். உயிரோடிருந்தால் ஏதாவது உதவலாம் என்றுதான் போனேன்.

"தனலெட்சுமியா?" என்றாள் அந்த அம்மாள். "அவன் போன ராத்திரியே அவளும் போயிட்டாய்யா. மருத்துவச்சியோட வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. விடியுற வரைக்கும் பாத்தா. புள்ள வெளிய வரவே இல்ல."

"அப்ப..."

"வயித்தோடதான் பொதைச்சோம். வேற என்ன செய்ய?"

திரும்பி நடந்தேன். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான் காதில். எனக்கு அப்புறம். எனக்கு அப்புறம்.

சின்னையாவை அடித்தவர்களில் ஒருவன்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. நாகையா முழுச் சம்பளத்தோடு வேலை முடித்து ஊருக்குக் கப்பலேறினார். மாலை போட்டு வழியனுப்பினார்கள். மாரியாயி அதன் பிறகு எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை. போன வருஷம் செத்துப்போனாள். நாங்கள் மாற்றல் கேட்டு வாங்கிக் கிள்ளானுக்கு வந்துவிட்டோம். மகளுக்குப் பாக்கியம் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். நன்றாகத்தான் இருக்கிறாள். லயத்தில் தட்டுவது அன்றோடு நின்றுவிட்டது. ஆனால் விளக்கு வைத்ததும் கதவை இன்னும் அடைத்துக்கொள்கிறார்கள்.

சின்னையாவை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தனலெட்சுமி சாலாக் செலாத்தானில் ரப்பர் மரங்களின் ஓரத்தில் கிடக்கிறாள். வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் வைப்பது நம் ஜனங்களின் வழக்கம். நான் வேதக்காரன். ஆனாலும் வண்டி பிடித்துக் கல் கொண்டுபோய் நட்டேன். லயத்து ஆட்களைத் துணைக்குக் கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லையும் பிடுங்கி எங்கோ போட்டுவிட்டார்கள்.