வெண்ணெய் தடவி வாங்கிய டிரான்சிட் விசா

பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய வருஷம் அது. ஆம்பூர் ஜனம் பாலத்தில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்ததை நான் வீடியோ காலில்தான் பார்த்தேன். இரண்டாவது கொரோனா ஊசி போட்டதும் அப்போதுதான். ஆப்பிரிக்காவில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலையில் இருந்தேன். விசா முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. நேரமும் தூரமும் மனசில் அப்படியே இருக்கின்றன.

கிளம்பியது மூன்று பேர்: நான், பள்ளிகொண்டா முனுசாமி, எங்கள் ஊர் ரபீக் பாய். முதலாளி டேனரியை மூடிவிட்டதால் விசா முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாட்டை விட்டு வெளியேற மட்டும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஊர் போய்ச் சேரும் நாளுக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு ரபீக் பாயின் ஒரே மகளுக்கு நிக்காஹ். பெண் பக்கம் நின்று சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

விமானம் மாற வளைகுடாவில் காலை 6.10க்கு இறங்கினோம். சென்னை விமானம் 11.50க்கு. ஏஜெண்ட் இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டிருந்தது அங்கேதான் தெரிந்தது. ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாக மாறிவிடும். இப்போது வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு டிரான்சிட் விசா, ஆளுக்கு நம் பணத்தில் ஆயிரத்து நூறு. விசாவுக்கு விரல் ரேகை.

எனக்கும் முனுசாமிக்கும் மிஷின் பச்சை காட்டியது. பாய்க்குப் பத்து விரலுக்கும் சிவப்பு. முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிய கை அது. முன்பு அந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ரேகையைத் தேய்த்துக்கொண்டு திரும்ப வருவது உண்டாம். ஆப்பிரிக்க விசாவும் முடிந்திருக்கவே, அதிகாரி சந்தேகப்பட்டு அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

"இன்னா பாய், ரேகைய சுண்ணாம்பு தின்னுட்ச்சா?" என்றான் முனுசாமி.

"ஜாஸ்தி பேசாத முனுசாமி. நாளைக்கு எம்பொண்ணு வாசலையே பாத்துனு இருக்கும்."



நான் டேனரியில் தரம் பிரிக்கிறவன். தோலைப் பார்ப்பது போலவே பாயின் விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ரேகை போகவில்லை, காய்ந்து இறுகியிருந்தது. காய்ந்த தோலுக்கு நாங்கள் எண்ணெய் ஏற்றுவோம். விமானச் சாப்பாட்டில் மிச்சம் வைத்த வெண்ணெய்ப் பொட்டலம் இரண்டு பையில் இருந்தது. தடவி, துணி சுற்றி, ஒரு மணி நேரம் கையை அக்குளில் வைக்கச் சொன்னேன். அந்த மிஷின் என்னதான் கேட்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

9.50க்குப் பாய் கையைத் துடைத்துவிட்டு மறுபடி மிஷினில் வைத்தார். ஒன்பது விரல் சிவப்பு. ஈரத்தோலைத் தூக்கும்போது ஒதுங்கியே நிற்கும் இடது சுண்டு விரல் மட்டும் பச்சை. அதிகாரி அந்த விரலை முகர்ந்து பார்த்தார். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். பெட்டியை எடுத்து மறுபடி போட்டு, 11.50 விமானத்தைப் பிடித்துவிட்டோம்.

சென்னையிலிருந்து ஆம்பூர் 185 கிலோமீட்டர், கார் 5,200 ரூபாய். காவேரிப்பாக்கம் தாண்டும்போது, "வண்டில இன்னாபா நெய் வாசன?" என்றார் டிரைவர். மூவரும் சிரித்தோம். மறுநாள் பதினொரு மணிக்குப் பாய் பெண் பக்கம் நின்று சம்மதம் சொன்னார்.

போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். பெட்டி எந்த ஊர் வரை போகும் என்று ஏறும் இடத்திலேயே விசாரியுங்கள். தோல் வேலைக்காரர்கள் ஒரு வாரம் முன்பே கைக்கு எண்ணெய் போடுங்கள்.

முனுசாமி போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். நான் சொல்வதில் சந்தேகம் என்றால் கேட்க இன்னும் ஒருவர் இருக்கிறார். ரேஷன் கடை மிஷினில் இன்றும் நேராக இடது சுண்டு விரலை நீட்டுகிறவர்: ரபீக் பாய்.