எலி மருந்து டப்பாவில் ஒட்டடை

எதிர்வீட்டு நெசவுக்காரர் தறியிலேயே சாய்ந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார் டாக்டர். எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. அன்று காலை அவருக்குச் சாம்பல் கொடுத்தவள் நான். தறியில் முடிந்துபோன பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும்போது, வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அவர் விரலை நாக்கில் நனைத்து நனைத்துத் தொடுவார். எங்கள் அலமாரியில் சாம்பல் டப்பாவுக்குப் பக்கத்திலேயே எலி மருந்து டப்பா. இரண்டு பொடியும் ஒரே நிறம். மாற்றிக் கொடுத்துவிட்டேனோ?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நாட்டுப் போலீசில் கொலைகளைத் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். கோயில் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். பேச்செல்லாம் எங்கள் தெருத் தமிழ்தான்.

"கொலை பண்ணவங்களே மாடியேறி வந்து சொல்றது இதான் முதல் தடவைமா" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். எதையும் தொடாமல் அலமாரிக்குள் டார்ச் அடித்தார்.

"எலி மருந்து மூடியிலேருந்து சுவர் வரைக்கும் ஒட்டடை கட்டிக்கினு இருக்குது பாரு. இதை யாரும் தொட்டே மாசக்கணக்கா ஆவுது. போய்ச் சாப்பிடுமா."

சாப்பிட்டேன். ஆனால் அந்த ஒட்டடையை மட்டும் போகிக்குக்கூட நான் அடிக்கவில்லை. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டுமே.